ஒரு வேலைக்கு ஒரு டேப்

"ரெண்டு பேரையும் வச்சுக்கிட்டு நான் என்ன பண்றது? மெஷின் வாங்கினதே ஆளைக் குறைக்கத்தானே?"

"அதுக்காக? கொட்டகை போட்ட நாள்லேர்ந்து இருக்கற மனுஷனப் போய் வெளிய போன்னு சொல்லுவீங்களா?"

"நான் பெரியவரைன்னு சொன்னேனா? ரெண்டுல ஒருத்தர்னு சொன்னேன். சின்னவன் கைவேகம் அவருக்கு வருமா, நீயே சொல்லு."

"கை மட்டுமா வேகம்? வாயும்தான். பிளேடு மூடியக் கழட்டுன்னா கழட்ட மாட்டேங்கறான். அந்தப் பக்கம் பலகை வாங்க ஆள் போடுங்கறான். நாளைக்கு உங்க நாற்காலியக் கேப்பான்."

அலுவலக அறையின் கதவு ஒருக்களித்துக் கிடந்தது. தூசி உறிஞ்சும் மோட்டாரை டீ நேரத்துக்காக நிறுத்தியிருந்தார்கள். அது ஓடிக்கொண்டிருந்தால் உள்ளே முதலாளியும் அவர் மனைவியும் கட்டிப் புரண்டு சண்டை போட்டால்கூட வெளியே கேட்காது. விடுதி அலமாரிகளின் படத்தை வாங்கிப் போக வந்த பெரிய சகலை, கதவைத் தட்டத் தூக்கிய கையைக் கீழே இறக்கவும் மறந்து நின்றார்.

"சரி விடு," என்றார் முதலாளி உள்ளே. "விடுதி வேலை முடியட்டும். யார் கை சுத்தம்னு பாத்துக்கிட்டு முடிவு பண்ணலாம். அதுவரைக்கும் ரெண்டு பேர் காதுலயும் விழக்கூடாது."

பெரிய சகலை சத்தமில்லாமல் பத்தடி பின்னால் போய், வேண்டுமென்றே காலைத் தேய்த்துத் தேய்த்து நடந்துவந்து, இருமிவிட்டுக் கதவைத் தட்டினார்.

அந்தப் பட்டறையில் யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. அக்காவைக் கட்டியவர் பெரிய சகலை, தங்கையைக் கட்டியவன் சின்ன சகலை. முதலாளிகூட அப்படித்தான் கூப்பிடுவார். சின்னவனை அங்கே கூட்டிக்கொண்டு வந்து சேர்த்துவிட்டதே பெரியவர்தான். வேறொரு ஊரில் மர அறுவைப் பட்டறையில் கிடந்தவனை, மச்சினி கண்ணைக் கசக்குகிறாளே என்று முதலாளியிடம் சொல்லி உள்ளே இழுத்தார். "நம்ம ஆளு, நான் பொறுப்பு" என்று அன்றைக்குச் சொன்ன வாயை இப்போது தைத்துப் போடலாம் போல இருந்தது.

டீ முடிந்து மோட்டார் ஓடத் தொடங்கியது. புது ஸ்லைடிங் மெஷின் பட்டறையின் நடுவில் ஒரு கட்டில் போல விரிந்து கிடந்தது. முழுப் பிளைவுட் பலகையையும் அதன் நகரும் மேசைமேல் சாய்த்துப் போட்டுவிட்டால் போதும். மேசையே பலகையைச் சுமந்துகொண்டு போகும். உள்ளங்கையால் ஒரு தள்ளு. முன்னால் இருக்கிற சின்ன பிளேடு அடிப்பக்கம் ஒரு கீறல் போடும். பின்னாலேயே பெரிய பிளேடு வந்து அந்தக் கீறலிலேயே அறுத்துக்கொண்டு போகும். வெட்டு விளிம்பில் ஒரு செதில் பெயராது. மைக்கா ஒட்டிய பலகைகூட வாழைப்பழத்தை நறுக்கியது போல வழவழவென்று வந்து விழும்.

மூலையில் இருந்த பழைய மெஷினில் அதெல்லாம் கிடையாது. மேசை அசையாது, மனிதன்தான் அசைய வேண்டும். பலகையை வயிற்றில் முட்டுக்கொடுத்து, இடது தோளால் தாங்கி, பிளேடுக்குள் செலுத்த வேண்டும். பெரிய சகலை அப்படிச் செலுத்திச் செலுத்தித்தான் இடது தோள் போனது. இப்போதெல்லாம் காலையில் சட்டை மாட்டுவதற்கே மனைவி வந்து கையைத் தூக்கிவிட வேண்டியிருந்தது. இதை அவர் பட்டறையில் யாரிடமும் சொல்லவில்லை. தோள் போனவனை எந்தப் பட்டறையும் வைத்துக்கொள்ளாது.

அதனால்தான் புது மெஷின் லாரியில் வந்து இறங்கிய அன்று அவருக்குக் கல்யாண வீட்டில் நிற்பது போல இருந்தது. மேசையை ஒரு விரலால் தள்ளிப் பார்த்தார். எண்ணெய் மேல் நழுவுவது போல நழுவியது. இனி தோளுக்கு விடுதலை என்று நினைத்தார். முதலாளி அவரைத் தாண்டிப் போய்ச் சின்னவன் தோளில் கை போட்டு, "நீ முன்னாடி இருந்த இடத்துல இது ஓட்டினேன்னு சொன்னேல்ல?" என்றார். அவ்வளவுதான். விஷயம் முடிந்துவிட்டது.

அதோடு முடிந்திருந்தாலாவது பரவாயில்லை. முழுப் பலகை அறுக்கும்போது மெஷினின் அந்தக் கோடியில் ஓர் ஆள் நின்று அறுந்து வருவதைத் தாங்கி வாங்க வேண்டும். அந்த வேலைக்கென்று தனி ஆள் இல்லை. சின்னவன் தலையைத் தூக்கி, "சகல, ஒரு கை" என்பான். இவர் தன் வேலையை விட்டுவிட்டுப் போய் நிற்பார். அவன் தள்ளுவான். இவர் வாங்குவார். ஒவ்வொரு முறையும் பலகை கைக்கு வரும்போது, தன் வீட்டுச் சாப்பாட்டைத் தானே கையேந்தி வாங்குவது போல அவருக்கு இருந்தது.

பாலிஷ்காரர் ஒருவர் இருந்தார். சுவரோரம் உட்கார்ந்து உப்புத்தாள் தேய்த்துக்கொண்டே ஊர் வம்பை இழுப்பவர். "என்னண்ணே, கொடுத்து வச்ச மாமனார். ரெண்டு மாப்பிள்ளையும் ஒரே மெஷின்ல. ஒருத்தர் தள்ளறார், ஒருத்தர் தாங்கறார்" என்பார். சின்னவன் சிரிப்பான். பெரியவரும் சிரிப்பார். அவருடைய சிரிப்பு பல்லோடு நின்றுவிடும்.

சின்னவனைக் குறை சொல்ல ஏதாவது கிடைக்காதா என்று அவரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். கிடைக்கவில்லை. பிளேடு மூடியைக் கழற்று, ஒல்லிச் சட்டம் அறுக்க இடைஞ்சலாக இருக்கிறது, நேரம் போகிறது என்று முதலாளி சொன்னபோது, "என் பொண்டாட்டி தினம் சாயங்காலம் விரலை எண்ணி வாங்கிக்கறா முதலாளி. கணக்கு குறைஞ்சா உள்ள விட மாட்டா" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். முதலாளியும் சிரித்தார். மூடி இருந்த இடத்திலேயே இருந்தது. முதலாளிக்கு முகத்துக்கு நேராக இல்லை என்று சொல்லிவிட்டு அவரையே சிரிக்கவும் வைக்க இவனால் எப்படி முடிகிறது என்று பெரிய சகலைக்கு வயிறு எரிந்தது. இத்தனை வருஷத்தில் அவர் அந்த மனிதரிடம் 'சரிங்க' தவிர வேறு வார்த்தை பேசியதாக நினைவில்லை.

வீட்டுக்குப் போனாலும் தப்பிக்க வழியில்லை. இரண்டு குடும்பமும் ஒரே கட்டடத்தில் பக்கத்துப் பக்கத்து அறைகள். நடுவில் ஒற்றைச் செங்கல் சுவர். அக்காவுக்கும் தங்கைக்கும் அந்தச் சுவர்தான் தொலைபேசி. கரண்டிக் காம்பால் இரண்டு தட்டு தட்டினால் 'வா' என்று அர்த்தம். ஒரு தட்டு என்றால் 'குழம்பு கொஞ்சம் இருக்கா'.

அலுவலகச் சண்டையைக் கேட்ட அன்று சாயங்காலம் அவர் வீட்டுக்குள் நுழைந்தபோது அடுப்புக்கு மேலே புதிதாக ஒரு தட்டு அலமாரி தொங்கியது. மூன்று அடுக்கு. கீழே கரண்டி மாட்ட ஓட்டைகள்.

"என்ன இது?"

"தங்கச்சி வீட்டுக்காரர் செஞ்சு கொண்டுவந்து மாட்டிட்டுப் போனார். கழிவுப் பலகையாம். அவங்க வீட்டுக்கு ஒண்ணு, நமக்கு ஒண்ணு." மனைவி விளிம்பை விரலால் வருடிக் காட்டினாள். "தொட்டுப் பாருங்களேன். ஒரு செதில் இல்ல. கண்ணாடி மாதிரி இருக்கு."

"மெஷின் அப்படி. மனுஷன் என்ன பண்ணினான்?"

"நீங்களும்தான் இருபது வருஷமா மர வேலை செய்யறீங்க. இந்தச் சமையலறைக்கு ஒரு ஆணி அடிச்சிருக்கீங்களா?"

அவள் விளையாட்டாகத்தான் சொன்னாள். தைலத்தை எடுத்துவந்து அவர் பின்னால் உட்கார்ந்து தோளை நீவவும் செய்தாள். சுவருக்கு அந்தப் பக்கம் மச்சினி எதற்கோ விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தாள். பட்டறையில் கேட்டதை மனைவியிடம் சொல்லிவிடலாமா என்று வாய்வரைக்கும் வந்தது. சொன்னால் கரண்டிக் காம்பு அடுத்த நிமிஷமே சுவரைத் தட்டும். அவனுக்கும் தெரிந்துவிடும். தெரிந்தால் அவன் இன்னும் வேகமாக ஓடுவான். அவர் கண்ணை மூடிக்கொண்டு, "இன்னும் கொஞ்சம் கீழ அமுக்கு" என்றார்.

விடுதி வேலை பெரிய வேலை. வரிசை வரிசையாக அலமாரிகள், எல்லாம் ஒரே அளவு. பெட்டிகளைப் புது மெஷினில் சின்னவன் அறுக்க வேண்டும். கதவுகளைப் பழைய மெஷினில் பெரியவர் அறுக்க வேண்டும். கதவு வெளியே மூடுகிற மாதிரி இல்லை; பெட்டிக்கு உள்ளே உட்காரும் இரட்டைக் கதவு. உள்ளே உட்காரும் கதவில் பொய் சொல்ல முடியாது. கொஞ்சம் கூடினால் இடிக்கும், கொஞ்சம் குறைந்தால் இளிக்கும்.

அதனால் அந்தப் பட்டறையில் இரண்டு வழக்கம் உண்டு. படத்தில் என்ன போட்டிருந்தாலும், கதவு அளவை, பலகைகளைச் சேர்த்துப் பூட்டி முடித்த பெட்டியிலிருந்துதான் எடுப்பார்கள். இன்னொன்று, ஒரு வேலைக்கு ஒரு டேப். கடையில் ஒன்றாக வாங்கிய இரண்டு டேப்பே ஒன்றாகப் பேசாது. ஒன்றின் நுனிக் கொக்கி ஆடும், இன்னொன்றில் வளைந்திருக்கும். பெட்டி அளந்த டேப்பால்தான் கதவையும் அளக்க வேண்டும்.

பெரியவருடைய டேப்பில் கொக்கி உள்பக்கமாக மடங்கியிருந்தது. ஒரு முறை சாரத்தின் மேலிருந்து தலைகீழாக விழுந்ததில் வந்த மடங்கல். அதில் அளந்து அறுத்தால் எதுவும் மூன்று எம்எம் குறைவாகத்தான் வரும். அவருக்கு அது தெரியும். பெட்டியும் கதவும் தானே அறுத்த காலத்தில் இரண்டிலும் அதே மூன்று குறையும். யாருக்கும் எதுவும் தெரியாது. அடுத்தவர் அளவு வந்தால் மனதுக்குள் மூன்றைக் கூட்டிக்கொள்வார். மனைவி கோபத்தில் பேசும்போது பாதியைக் கழித்துக் கேட்பது மாதிரி அதுவும் பழகிப்போன கணக்கு.

சின்னவன் முதல் பெட்டியைப் பூட்டி முடித்து, அதன் வாயை அளந்துவிட்டு, மெஷின் சத்தத்துக்கு மேல் கத்தினான். "சகல, கதவு நானூத்தி நாப்பத்தஞ்சு. ஒவ்வொண்ணும்." பிறகு தன் மஞ்சள் டேப்பை எடுத்துக்கொண்டு பழைய மெஷின் பக்கம் வந்தான். "இத வச்சுக்கோங்க. எனக்கு இனிமே மெஷின் அளவுகோலே போதும். இதை வச்சுத்தான் அதையும் சரிபார்த்தேன்."

பெரியவர் நிமிரவில்லை. "என் கையில இருக்கறது என்ன, பாம்பா?"

"இல்ல சகல. ஒரு வேலைக்கு ஒரு டேப்னு நீங்கதானே எனக்குச் சொன்னீங்க."

"நான் சொல்லிக்கொடுத்ததையே எனக்குத் திருப்பிச் சொல்ல வந்துட்டியா? போய் உன் மெஷினப் பாரு."

 அவன் டேப்பை இடுப்பில் செருகிக்கொண்டு போய்விட்டான்.

பெரியவர் தன் டேப்பைப் பலகை விளிம்பில் மாட்டினார். நானூற்று நாற்பத்தைந்தில் பென்சிலால் ஒரு கோடு. அந்தக் கோட்டுக்குத் தடுப்புக் கட்டையை இறுக்கினார். அறுக்கத் தொடங்கினார். அங்கே புது மெஷின் ஓடும் சத்தத்திலேயே அவருக்கு எல்லாம் தெரிந்தது. தள்ளும்போது ஒரு ஊளை, திரும்பி வரும்போது ஓர் அமைதி. ஊளை, அமைதி. அந்த அமைதி எவ்வளவு குட்டையாக இருக்கிறது என்று காது கொடுத்துக் கேட்டுக்கொண்டே அறுத்தார். அவன் ஒன்று முடிப்பதற்குள் நாமும் ஒன்று என்று பல்லைக் கடித்துக்கொண்டு தோளால் தள்ளினார். காது அங்கே இருந்தது, கை இங்கே இருந்தது. மூன்றைக் கூட்ட வேண்டும் என்பது எங்கேயும் இல்லை. சாயங்காலம் கதவுகள் இடுப்பு உயரத்துக்கு அடுக்கிக் கிடந்தன. பாலிஷ்காரர் பார்த்துவிட்டு, "அண்ணே, வயசு குறைஞ்சு போச்சா?" என்றார். அந்த ஒரு வார்த்தையில் பெரியவருக்கு மனசு குளிர்ந்தது. இரண்டு நாள் அப்படியே ஓடியது. விளிம்புக்குப் பட்டை ஒட்டி, கீல் குழியும் தோண்டி எல்லாக் கதவும் தயாராகிவிட்டது.

முதல் ஜோடியை மாட்டிப் பார்த்தது பாலிஷ்காரர்தான். முதலாளி விடுதிக்காரரை அழைத்துவரப் போயிருந்தார். சின்னவன் வெளியே பலகை இறக்கிக்கொண்டிருந்தான். பாலிஷ்காரர் இரண்டு கதவையும் மூடிவிட்டு, தள்ளி நின்று தலையைச் சாய்த்துப் பார்த்தார். "என்னண்ணே இது? ரெண்டும் மூஞ்சத் திருப்பிக்கிட்டு நிக்குது, சகலைங்க மாதிரியே."

நடுவில் சுண்டுவிரல் நுனி நுழையும் சந்து. உள்ளே துணி தொங்கவிடும் கம்பிகூட அதன் வழியாகத் தெரிந்தது.

பெரியவருக்கு அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது. இரண்டு கதவு, ஒவ்வொன்றிலும் மூன்று குறைவு. காதில் 'யார் கை சுத்தம்னு பாத்துக்கிட்டு' என்று முதலாளியின் குரல் கேட்டது. கால் தானாகப் பின்பக்கம் தண்ணீர்க் குழாயடிக்குப் போனது. டேப்பை எடுத்துப் பார்த்தார். கொக்கி மடங்கி, கூன் விழுந்த கிழவி போல இருந்தது. எப்போது குறடு கைக்கு வந்தது என்று அவரைக் கேட்டால் சொல்லத் தெரியாது. கொக்கியைக் கவ்வி, மெல்ல வெளிப்பக்கம் இழுத்தார். இத்தனை வருஷம் மடங்கிக் கிடந்த தகரம் ஒரு சின்ன முனகலோடு நிமிர்ந்தது. ஒரு செங்கல்லில் வைத்துத் தட்டி நேராக்கினார். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு உள்ளே வந்தார்.

முதலாளியும் விடுதிக்காரரும் சந்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.  விடுதிக்காரர் சந்துக்குள் விரல் நுனியை விட்டு ஆட்டிக் காட்டிவிட்டு, நல்லபடியாக முடிந்ததும் கூப்பிடுங்கள் என்று போய்விட்டார். முதலாளியின் கழுத்து நரம்பு புடைத்திருந்தது. இரண்டு பேருடைய டேப்பையும் வாங்கினார். ஒரே கதவை இரண்டாலும் அளந்தார். இரண்டிலும் நானூற்று நாற்பத்திரண்டு.

"டேப் ரெண்டும் ஒத்துப்போகுது," என்றார். "அளவு சொன்னது யாரு?"

"நான்தான் முதலாளி," என்றான் சின்னவன். "நாப்பத்தஞ்சுன்னு சொன்னேன்."

முதலாளி பெரியவரைப் பார்த்தார். பட்டறை முழுக்கத் தூசி ஒளியில் மிதந்துகொண்டிருந்தது. பெரியவர் அந்தத் தூசியைப் பார்த்தபடி சொன்னார். "நாப்பத்திரெண்டுன்னுதான் சொன்னான். சொன்னதைத்தான் அறுத்தேன்."

சொல்லும்போது அவர் குரல் நடுங்கவே இல்லை. பாலிஷ்காரரைக் கேட்டார்கள். மெஷின் சத்தத்தில் எதுவும் கேட்கவில்லை என்று உப்புத்தாளை மடித்துக்கொண்டார்.

சின்னவன் வாதாடவில்லை. பெரியவருடைய டேப்பை மேசையிலிருந்து எடுத்தான். கொக்கியைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தான். துரு ஏறிய தகரத்தில் குறட்டுப் பல் பட்ட இடம் மட்டும் புதுக் காசு போல மின்னியது. நாடாவைக் கொஞ்சம் இழுத்து, மெல்ல உள்ளே விட்டு, இரண்டு கையாலும் பெரியவரிடம் நீட்டினான். அதன்பிறகு முதலாளியின் பின்னாலேயே அலுவலக அறைக்குள் போனான். கதவு மூடிக்கொண்டது. இந்தத் தடவை மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. பெரியவருக்கு ஒன்றும் கேட்கவில்லை.

வெளியே வந்தவன் நேராகக் குழாயடிக்குப் போய் முழங்கை வரைக்கும் கழுவினான். மாட்டியிருந்த சட்டையை எடுத்து உதறினான். பெரியவர் அந்தப் பக்கம் போகாமல் இருக்க முடியாமல் போய் நின்றார்.

"கொக்கிய நிமித்திட்டீங்க போல சகல," என்றான் அவன், பொத்தானைப் போட்டுக்கொண்டே. "நல்லதுதான். இனிமே யார் டேப்போட வேணும்னாலும் ஒத்துப்போகும்."

பெரியவர் சொட்டிக்கொண்டிருந்த குழாயை இறுக்கி மூடினார். 

"முதலாளிகிட்ட சொன்னேன். குறடு பட்ட தடம் இருக்கு, போய்ப் பாருங்கன்னேன். அவரு பாத்தாராம் அப்பவே."

"பாத்தாரா?"

"பாக்காம இருப்பாரா? அதே மரத்தூள்ல பொறந்தவருதானே அவரும். எல்லாம் தெரியுதுப்பா, ஆனா ஒருத்தருக்குத்தான் இடம் இருக்குன்னாரு. நீ மூடி வேணும்ங்கற, ஆள் வேணும்ங்கற. உன் சகலை இனிமே எதையும் கேக்க மாட்டாருன்னாரு."

அவன் தன் மஞ்சள் டேப்பையும் பென்சிலையும் பைக்குள் போட்டான். போகும்போது திரும்பிப் பார்த்து, "பலகைய இடது பக்கம் தூக்காதீங்க. நீங்க சொல்லலன்னாலும், அந்தப் பக்கம் நின்னு வாங்கும்போது தெரியும் எனக்கு" என்றான்.

அன்று சாயங்காலம் மனைவி அவரிடம் எதுவும் கேட்கவில்லை. அவளுக்கு விஷயம் வந்திருந்தது, பாதி விஷயம். புது மெஷின் இனிமேல் இவருக்குத்தான் என்கிற பாதி. அதற்குச் சந்தோஷப்படலாமா என்று தெரியாமல் இரண்டு முறை சிரிக்கப் பார்த்து இரண்டு முறையும் நிறுத்திக்கொண்டாள். சோறு வைத்தாள். தைலம் தேய்த்தாள். சுவரைப் பார்த்தாள்.

"அவ இன்னிக்குத் தட்டவே இல்ல," என்றாள்.

"வேலை இருக்கும்."

"நான் தட்டினேன். ரெண்டு தட்டு. பதில் இல்ல."

அடுப்புக்கு மேலே அந்தத் தட்டு அலமாரி தொங்கியது. அதைக் கழற்றிவிடலாமா என்று பார்த்தார். கழற்ற வேண்டும் என்றால் ஏன் என்று சொல்ல வேண்டும். சுவர்ப்பக்கம் முதுகைத் திருப்பி உட்கார்ந்து சாப்பிட்டார்.

மறுநாள் காலை அவர் பட்டறைக்குப் போனபோது பிளேடு மூடி கழற்றப்பட்டுச் சுவர் ஆணியில் தொங்கியது, எண்ணெய்ப் பிசுக்கோடு, யாரோ மறந்துவிட்டுப் போன தொப்பி போல. கெட்டுப்போன கதவுகளுக்குப் பதிலாகப் புதுப் பலகைகள் வந்து அடுக்கியிருந்தன. கதவோடு சேர்த்துப் பெட்டியும் இனி அவர்தான். முதலாளி கையில் ஏதோ தூக்கிக்கொண்டு வந்தார். மூன்று கால் இரும்புத் தாங்கி. அதன் தலையில் குறுக்காக ஓர் உருளை. அதை மெஷினின் அந்தக் கோடியில், பலகை வாங்கப் பெரியவர் எப்போதும் நிற்கிற அதே இடத்தில் நிறுத்தினார். உயரத்தைச் சரிசெய்து திருகை இறுக்கினார்.

"அறுந்து வர்றது இதுமேல ஏறிக்கும். இது டீ கேக்காது, லீவு கேக்காது," என்றார். பிறகு பெரியவர் முகத்தைப் பார்த்தார். "என்ன சகலை, ஏதாவது சொல்லணுமா?"

பெரியவர் ஆணியில் தொங்கிய மூடியைப் பார்த்தார்.

"ஒண்ணுமில்ல முதலாளி."

"அப்ப ஆகட்டும். கதவு அளவு தெரியும்ல?"

"தெரியும்."

முதலாளி போய்விட்டார். பெரியவர் அடுக்கிலிருந்து ஒரு முழுப் பலகையை வலது பக்கமாகத் தூக்கப் பார்த்தார். வரவில்லை. இடது தோளைக் கொடுத்துத்தான் எழுப்ப முடிந்தது. கண்ணில் நீர் முட்ட அதை நகரும் மேசைமேல் சாய்த்தார். எத்தனை நாளாக ஆசைப்பட்ட மேசை. பொத்தானை அழுத்தினார். சின்ன பிளேடு முதலில் முனகியது, பெரியது பிறகு ஊளையிட்டது. பல் பல்லாக, எந்த மறைப்பும் இல்லாமல், கைக்கு எட்டும் தூரத்தில் சுற்றியது. உள்ளங்கையை வைத்துத் தள்ளினார். விரலால் தள்ளினாலே போதும், அப்படி நழுவியது.

பலகை பாதி அறுந்து அந்தப் பக்கம் தலை நீட்டியபோது, அவர் தலையைத் தூக்கி, கேட்டுக் கேட்டுப் பழகியதில் சொல்லிவிட்டார்.

"சகல, ஒரு கை."

பாலிஷ்காரர் நிமிர்ந்து பார்த்தார். பிறகு குனிந்து உப்புத்தாளைத் தேய்க்கத் தொடங்கினார். அறுந்த துண்டு தானாகத் தாங்கியின்மேல் ஏறி, உருண்டு, அந்தப் பக்கம் சிமெண்டுத் தரையில் மூலை மடங்க விழுந்தது. அதை எடுக்கப் பெரியவர் மெஷினைச் சுற்றிக்கொண்டு போனார். அவர் போய்ச் சேர்ந்த பிறகும், மேலே ஒன்றும் இல்லாமல் அந்த உருளை சுற்றிக்கொண்டே இருந்தது.

இதைப் படிக்கிறவர்களில் மெஷினில் நிற்கிறவர்கள் யாராவது இருந்தால், உங்கள் பட்டறையில் அந்தக் கோடியில் இப்போது யார் நிற்கிறார்கள் என்று ஒரு வரி பதில் எழுதுங்கள்.